ஆர்சென் வெங்கர் பத்தி நம்ம ஊர் ஆர்சனல் பசங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஆர்சனல்ங்கறது லண்டன் ஃபுட்பால் கிளப், சென்னைல அதோட ஃபேன்ஸ் நாலு பேர் சேந்து மேட்ச் பாத்தா ஆஃப் டைம்ல பேச்சு எப்படியும் பழைய மேனேஜர் வெங்கர்கிட்ட வந்து நிக்கும். மனுஷன் 2018-லயே கிளப்ப விட்டு போயாச்சு, ஆனா சண்டை ஓயல. ஆர்சனலோட பழைய ஹைபரி ஸ்டேடியம் காலத்துல இருந்து பாக்கறவங்க அவர தலைல தூக்கி வெச்சு ஆடுவாங்க, 2012-க்கு அப்புறம் பாக்க ஆரம்பிச்சவங்களுக்கு வெங்கர்னாலே பேயர்ன் மியூனிக்கிட்ட வாங்கின அஞ்சஞ்சு கோல்தான் ஞாபகம். ரெண்டு பக்கமும் அதே கேள்விகளத்தான் மாத்தி மாத்தி கேக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். நான் வெங்கர் பக்கம்தான், அத மறைக்கல. ஆனா அவர் விட்ட கோட்டைய பூசி மெழுகவும் போறதில்ல.

கேள்வி: வெங்கர் யாரு, சுருக்கமா சொல்லுங்க?

பிரான்ஸ்காரர். 1949-ல ஸ்ட்ராஸ்பர்க்ல பொறந்தவர், ஜெர்மனி பார்டர ஒட்டின ஊர். அப்பா அம்மா கிராமத்துல ஒரு பார் நடத்தினாங்க, ஊர் ஃபுட்பால் டீம் பேச்செல்லாம் அங்கதான் ஓடும், அத கேட்டே வளந்தவர். பிளேயரா பெருசா ஒண்ணும் சாதிக்கல. மேனேஜரா நான்சி, அப்புறம் மொனாக்கோ (1988-ல பிரெஞ்சு லீக் ஜெயிச்சு குடுத்தார்), அப்புறம் ஜப்பான்ல நகோயா கிராம்பஸ் எய்ட். 1996 அக்டோபர்ல ஆர்சனலுக்கு வந்து 2018 மே வரைக்கும் இருந்தார். 1,235 மேட்ச், மூணு லீக், ஏழு எஃப்ஏ கப் (இங்கிலாந்தோட நாக்கவுட் கப்). எஃப்ஏ கப்ப ஏழு தடவ ஜெயிச்ச மேனேஜர் அவர் ஒருத்தர்தான்.

கேள்வி: ஆர்சனல் அதுக்கு முன்னாடியே பெரிய கிளப்தானே, அவர் வந்து என்ன புதுசா கிழிச்சார்?

பெரிய கிளப்தான், பழைய மேனேஜர் ஜார்ஜ் கிரஹாம் 1989-லயும் 1991-லயும் லீக் ஜெயிச்சு வெச்சிருந்தார், அத யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா ஆட்டம்? ஒரு கோல் போட்டுட்டு கதவ சாத்திக்கற டீம், ‘போரிங் ஆர்சனல்’னு எதிர் டீம் ஃபேன்ஸ் பாட்டே பாடுவாங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல குடி பழக்கம் சர்வ சாதாரணம், கேப்டன் டோனி ஆடம்ஸே தான் குடிக்கு அடிமைன்னு 1996 செப்டம்பர்ல வெளிப்படையா சொன்னார், வெங்கர் வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி. அப்ப லண்டன்ல ஒரு பேப்பர் ‘ஆர்சென் ஹூ?’ன்னு தலைப்பு போட்டுச்சு, இங்கிலீஷ்காரனுக்கு அவ்ளோதான் அவர தெரியும்.

வந்தவர் முதல்ல சாப்பாட்டுல கை வெச்சார். சாக்லேட் கட், பொரிச்ச அயிட்டம் கட், வேக வெச்ச மீன், சிக்கன், பாஸ்தா, காய்கறி. மேட்ச் அன்னிக்கு காலைல ஸ்ட்ரெச்சிங். பிராக்டிஸ் எல்லாம் நிமிஷ கணக்கு, ஸ்டாப் வாட்ச் வெச்சு. இதெல்லாம் இன்னிக்கு நேரு ஸ்டேடியத்துல பிராக்டிஸ் பண்ற பசங்களுக்கு கூட சாதாரண விஷயம், 1996 இங்கிலாந்துல இது புரட்சி. முப்பது வயச தாண்டின டிஃபெண்டர்ஸ் இன்னும் சில வருஷம் டாப் லெவல்ல ஆடினாங்கன்னா அதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனா எனக்கு சாப்பாட்ட விட பெருசா தெரியறது வேற. 1998 மே 3, ஹைபரில எவர்டன் மேட்ச், ஜெயிச்சா லீக் நம்மளது. 3-0 லீட்ல கடைசி நிமிஷம் ஓடிட்டிருக்கு. சப்ஸ்டிட்யூட்டா எறங்கின ஸ்டீவ் போல்டு, வாழ்க்கை முழுக்க சென்டர் பேக்கா (டிஃபென்ஸ் நடுவுல நிக்கற ஆளு) ஆடினவர், நடு கிரவுண்ட்ல இருந்து டிஃபென்ஸ் தலைக்கு மேல பந்த தூக்கி போடறார். ஓடி வந்து அத இடது கால்ல அடிச்சு உள்ள தள்ளறது யாரு? டோனி ஆடம்ஸ், இன்னொரு சென்டர் பேக். கிரஹாம் காலத்துல அந்த ரெண்டு பேரும் சென்டர் லைன தாண்டறதே கார்னர் கிக்குக்குத்தான். உன்னால முடியும் போன்னு ஒருத்தர் சொன்னதால வந்த கோல் அது. வெங்கர்னா யாருன்னு ஒரே ஒரு கோல்ல காட்ட சொன்னா நான் அதத்தான் காட்டுவேன்.

கேள்வி: கிரஹாம் விட்டுட்டு போன டிஃபென்ஸ வெச்சுதானே ஜெயிச்சார், சொந்தமா ஒரு டிஃபென்ஸ் கட்ட தெரியாதுன்னு சொல்றாங்களே?

1998-க்கு இது முக்கால்வாசி உண்மை. 2004-க்கு சுத்தமா பொருந்தாது. இன்வின்சிபிள்ஸ், அதாவது 2003-04 லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காத டீம், அவங்க டிஃபென்ஸ பாருங்க: லேமன், லாரன், கோலோ டூரே, சோல் கேம்பெல், ஆஷ்லி கோல். இதுல ஒருத்தர் கூட கிரஹாம் ஆளு கெடையாது. லாரன் மிட்ஃபீல்டரா வந்தவர், அவர ரைட் பேக் ஆக்கினது வெங்கர். டூரேவும் எங்கெங்கயோ ஆடிட்டிருந்த பையன், அவன சென்டர் பேக் ஆக்கினதும் இவர்தான். 38 மேட்ச்ல வெறும் 26 கோல்தான் விட்டாங்க. 2006 சாம்பியன்ஸ் லீக்ல (ஐரோப்பா கிளப்புங்களோட பெரிய கப்) செண்டரோஸ், எபுவே, லெஃப்ட் பேக்ல மிட்ஃபீல்டர் ஃபிளாமினின்னு ஒட்டு போட்ட டிஃபென்ஸோட தொடர்ச்சியா பத்து மேட்ச் கோலே விடாம ஃபைனலுக்கு போனாங்க.

2010-க்கு அப்புறம் இந்த குறை நியாயமானது, அத கீழ சொல்றேன்.

கேள்வி: இன்வின்சிபிள்ஸ்னு இவ்ளோ பேசறீங்க, 12 மேட்ச் டிரா ஆச்சே, 90 பாயிண்ட்ஸ்தானே?

ஆமா, 26 வின், 12 டிரா, 90 பாயிண்ட்ஸ். அதுக்கப்புறம் வந்த மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் அத விட நெறய பாயிண்ட்ஸ் எடுத்திருக்காங்க. ஆனா 38 மேட்ச் பிரீமியர் லீக்ல ஒண்ணு கூட தோக்காம முடிச்சது இந்த ஒரு டீம்தான். அதுக்கு முன்னாடி இங்கிலாந்து டாப் டிவிஷன்ல அப்படி நடந்தது 1888-89-ல பிரஸ்டன், அப்ப மொத்தமே 22 மேட்ச்.

இதுல அதிர்ஷ்டமும் இருக்கு, மறுக்கல. செப்டம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட் கிரவுண்டான ஓல்டு டிராஃபோர்டுல கடைசி நேரத்துல வான் நிஸ்டல்ராய் அடிச்ச பெனால்டி பார்ல பட்டு போச்சு, இல்லன்னா கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

ஆனா 2004 ஏப்ரல் முதல் வாரத்த எடுத்துக்கோங்க. சனிக்கிழமை எஃப்ஏ கப் செமில யுனைடெட்கிட்ட தோல்வி. செவ்வாக்கிழமை சாம்பியன்ஸ் லீக் குவார்ட்டர் ஃபைனல்ல செல்சிகிட்ட தோல்வி, கடைசில வேய்ன் பிரிட்ஜ் போட்ட கோல். வெள்ளிக்கிழமை ஹைபரில லிவர்பூல், ஆஃப் டைம்ல 1-2 பின்னாடி. ஒரே வாரத்துல எல்லாம் போச்சுன்னு தலைல கை வெச்சு உக்காந்த நேரம். ரெண்டாவது ஆஃப் ஆரம்பிச்சு நாலு நிமிஷத்துல பிரெஸ் கோல், அடுத்த நிமிஷமே ஹென்றி. நடு கிரவுண்ட் பக்கம் பந்து வாங்கி, ஹாமன தாண்டி, கேரகர் ஒரு பக்கம் திரும்பி இன்னொரு பக்கம் சுத்தி சொந்த டீம் ஆளு மேலயே மோதிக்க, அந்த கேப்ல பூந்து கீப்பர் பக்கத்துல தட்டி விட்டார் பாருங்க, அந்த ஓட்டத்த எத்தன தடவ பாத்தாலும் சலிக்காது. 4-2, ஹென்றிக்கு ஹாட்ரிக். அந்த டீமோட ஆஃப் டைம்ல வெங்கர் கத்தற ஆளு கெடையாது, முதல்ல பேசாம விட்டுடுவார், அப்புறம் ரெண்டு வார்த்தைன்னு ஆடினவங்களே சொல்லிருக்காங்க. வியேரா, பெர்க்காம்ப், ஹென்றி, கேம்பெல் மாதிரி ஆளுங்க இருந்தா அந்த அமைதி வேல செய்யும். இந்த பாயிண்ட மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

நம்ம ஊர்காரங்களுக்கு அந்த சீசன்ல இன்னொரு கஷ்டம். 2003 செப்டம்பர்ல சென்னைல பே சேனலுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம்னு வந்துச்சு, மத்த ஊர்ல எல்லாம் கேபிள்காரன் குடுக்கறத பாத்துட்டிருந்தப்ப இங்க பாக்ஸ் இல்லாத வீட்டுல ஸ்போர்ட்ஸ் சேனல் காணாம போச்சு. முன்ன பின்ன சீசனயும் சேத்து 49 லீக் மேட்ச் தோக்காம ஓடின டீம, பாக்ஸ் வெச்சிருக்கற ஃப்ரெண்டு வீடு தேடி போய் பாத்த தலைமுறை நாங்க. அதனாலதான் நாங்க கொஞ்சம் ஓவரா பேசறோம்னு உங்களுக்கு தோணுது, பேசத்தான் செய்வோம்.

கேள்வி: 22 வருஷத்துல ஒரு சாம்பியன்ஸ் லீக் கூட இல்லையே?

இல்ல. இது பெரிய ஓட்டைதான், சால்ஜாப்பு சொல்ல மாட்டேன். 2004 டீம் ஜெயிச்சிருக்கணும், ஐரோப்பாவுல அந்த வருஷம் அத விட நல்ல டீம் இல்ல, செல்சிகிட்ட விட்டது மன்னிக்க முடியாதது.

2006 பாரிஸ் ஃபைனல் வேற வகை வலி. நம்ம டைம்ல நடுராத்திரி தாண்டி ஆரம்பிச்ச மேட்ச், பதினெட்டாவது நிமிஷத்துல லேமனுக்கு ரெட் கார்டு. பத்து பேரோட, அதுவும் ரொனால்டினோ இருக்கற பார்சிலோனாவுக்கு எதிரா, கேம்பெல் தலைல முட்டி 1-0. ஹென்றிக்கு ரெண்டாவது கோல் போட நேருக்கு நேர் ஒரு சான்ஸ் கெடச்சுது, கீப்பர் கைக்கு போச்சு. அப்புறம் 76-வது நிமிஷம் ஏட்டோ, அஞ்சு நிமிஷம் கழிச்சு பெல்லட்டி, முடிஞ்சுது. வேற கீப்பர எறக்க பிரெஸ வெளிய எடுத்தது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போடறாங்க, என்னை கேட்டா வேற வழி இல்ல, அந்த நிலமைல ஓடி டிஃபெண்ட் பண்ற ஆளு வேணும். பாவம் பிரெஸ், அதுதான் அவரோட கடைசி ஆர்சனல் மேட்ச்.

கேள்வி: 2005-ல இருந்து 2014 வரைக்கும் ஒரு கப்பு கூட இல்ல. வேற எந்த மேனேஜர இவ்ளோ நாள் வெச்சிருப்பாங்க?

இந்த கேள்விக்குத்தான் நான் இத எழுத ஆரம்பிச்சதே.

2006-ல ஹைபரிய விட்டுட்டு எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு மாறினாங்க. ஹைபரில 38,000 பேருதான் உக்கார முடியும், புதுசுல 60,000. கட்டின செலவு 39 கோடி பவுண்ட், பெரும்பகுதி கடன். பேங்க்குங்க கடன் குடுக்கறதுக்கு வெங்கர் அஞ்சு வருஷம் இருப்பேன்னு கையெழுத்து போடணும்னு கேட்டாங்கன்னு அவரே பின்னாடி சொல்லிருக்கார். யோசிச்சு பாருங்க, ஸ்டேடியத்துக்கு அடமானமே அவர்தான். வீட்டு லோன் எடுத்த குடும்பத்துல வருஷா வருஷம் ஒரு நகை வெளிய போற மாதிரி, ஒவ்வொரு சம்மரும் ஒரு நல்ல பிளேயர் போனான். 2005 வியேரா, 2006 ஆஷ்லி கோல், 2007 ஹென்றி, 2008 ஃபிளாமினியும் ஹிலெப்பும், 2009 அடெபயோரும் டூரேவும், 2011 ஃபேப்ரிகாஸ், நஸ்ரி, கிளிச்சி, 2012 வான் பெர்சி.

அதே நேரத்துல எதிர்ல யாரு? 2003-ல அப்ரமோவிச் செல்சிய வாங்கிட்டார், 2008-ல அபுதாபி காசு சிட்டிக்கு வந்துடுச்சு. நம்ம பிளேயரையே தூக்கறாங்க, நம்மள விட நெறய சம்பளம் குடுக்கறாங்க. டிரான்ஸ்ஃபர் விஷயத்துல அவருக்கு வலது கையா இருந்த டேவிட் டீன் வேற 2007 ஏப்ரல்ல கிளப்ப விட்டு போயிட்டார். இவ்ளோக்கும் நடுவுல ஒரு வருஷம் கூட டாப் ஃபோர்ல இருந்து வெளிய போகல, அதுக்குள்ள வந்தாத்தான் அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக். கடன் கட்டற கிளப்புக்கு சாம்பியன்ஸ் லீக் காசு நின்னா என்ன ஆகும்னு தெரியும்ல, லீட்ஸ் என்ன ஆச்சுன்னு பாத்தோம்ல. லீட்ஸ் 2001-ல சாம்பியன்ஸ் லீக் செமி ஆடின டீம், 2004-ல கீழ் டிவிஷனுக்கு போயிட்டாங்க.

அந்த காலத்துலயும் லீக் ஜெயிக்கற தூரத்துக்கு வந்தாங்க. 2007-08-ல ஃபேப்ரிகாஸ், ஹிலெப், ரோசிட்ஸ்கி, ஃபிளாமினி, முன்னாடி அடெபயோர். பிப்ரவரி 23, பர்மிங்ஹாம் மேட்ச், நாம லீக்ல அஞ்சு பாயிண்ட் முன்னாடி. மூணாவது நிமிஷத்துல எடுவார்டோ கால் உடைஞ்சு போச்சு, டிவில ரீப்ளே கூட போட தயங்கினாங்க. அப்படியும் 2-1 லீட் எடுத்துட்டு, கடைசி நிமிஷத்துல பெனால்டி குடுத்து 2-2. விசில் அடிச்சதும் கேப்டன் காலாஸ் கிரவுண்ட்லயே உக்காந்துட்டார், எழுந்திரிக்கவே இல்ல. அந்த டீம் அன்னிக்கு உடைஞ்சது, திரும்ப ஒட்டல. 83 பாயிண்ட்ஸ் எடுத்து மூணாவது, சாம்பியன் யுனைடெட் 87. எனக்கு 2006 ஃபைனல விட இதான் இன்னும் வலிக்குது. ஏன்னா அந்த பசங்க வெங்கர் வளத்த பசங்க, காசு குடுத்து வாங்கின ஸ்டார் இல்ல, அது மட்டும் ஜெயிச்சிருந்தா இந்த ஒன்பது வருஷ பேச்சே வந்திருக்காது.

கேள்வி: ‘டாப் ஃபோரும் ஒரு டிராபிதான்’னு சொன்னாரே, வெக்கமா இல்லையா?

அத சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்கு எல்லா கிளப்பும் சாம்பியன்ஸ் லீக் இடத்துக்கு அடிச்சுக்கறத பாத்தா அவர் சொன்னது கணக்கு வழக்கு தெரிஞ்ச ஆளு பேச்சுன்னு புரியும். ஆனா ஃபேன் முன்னாடி அத சொல்லியிருக்க வேண்டாம்.

கேள்வி: வான் பெர்சிய போயும் போயும் யுனைடெட்டுக்கு வித்தது?

காண்ட்ராக்ட் ஒரு வருஷம்தான் மிச்சம், புதுப்பிக்க மாட்டேன்னு அவரே லெட்டர் போட்டுட்டார், அடுத்த வருஷம் ஓசில போயிருப்பார். கணக்குப்படி சரி. மனசுப்படி ஆறல. முந்தின சீசன்ல நமக்கு லீக்ல 30 கோல் அடிச்ச ஆளு, அங்க போய் 26 அடிச்சு யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசனுக்கு கடைசி லீக்க வாங்கி குடுத்தார். 2013 ஏப்ரல்ல சாம்பியனா எமிரேட்ஸுக்கு வந்தப்ப நம்ம பிளேயர்ஸ் ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு கை தட்டி உள்ள அனுப்பினாங்க, அவர் பெனால்டில கோலும் போட்டார். அந்த வரிசைய பாத்த அன்னிக்குத்தான் நெறய பேர் ‘வெங்கர் அவுட்’, அதாவது வெங்கர் போகணும்னு சொல்றவங்க பக்கம் போனாங்க, அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சரி, கடன் பாரம் கொறஞ்சு காசு வந்துச்சே, அப்புறம் ஏன் லீக் வரல?

இங்கதான் வெங்கர் மேல எனக்கு உண்மையான கோபம்.

2013-ல ஓசில், 2014-ல சான்செஸ்னு பெரிய பிளேயர்ஸ வாங்கினார். 2014-ல ஹல் சிட்டிக்கு எதிரா எட்டு நிமிஷத்துல 0-2 ஆகி, கசோர்லா ஃப்ரீ கிக், கொஸ்சியெல்னி, எக்ஸ்ட்ரா டைம்ல ராம்சின்னு திரும்பி வந்து எஃப்ஏ கப். அடுத்த வருஷம் ஆஸ்டன் வில்லாவ 4-0. எல்லாம் கூடி வந்த நேரம். 2015 சம்மர்ல எல்லாரும் ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்னு கத்தினோம். மெயின் டீமுக்கு வாங்கினது கோல்கீப்பர் செக் ஒருத்தர மட்டும். இருக்கற பசங்க மேல நம்பிக்கை இருக்குன்னார்.

அந்த சீசன்ல செல்சி, சிட்டி, யுனைடெட் மூணும் சொதப்பினாங்க. 2016 பிப்ரவரி 14 அன்னிக்கு லீடர் லெஸ்டர 95-வது நிமிஷத்துல வெல்பெக் தலைல முட்டி 2-1 ஜெயிச்சோம், லீக் வந்துடுச்சுன்னே நெனச்சோம். ரெண்டு வாரம் கழிச்சு ஓல்டு டிராஃபோர்டுல, லீக்ல முதல் மேட்ச் ஆடின ராஷ்ஃபோர்டுகிட்ட 3-2 தோல்வி. மூணு நாள்ல வீட்டுலயே ஸ்வான்சிகிட்ட 2-1 தோல்வி. லெஸ்டர் 81, நாம 71.

மேல ஆஃப் டைம் அமைதி பத்தி சொன்னேன்ல, அதோட மறுபக்கம் இது. பிளேயர நம்பு, வழிய அவனே கண்டுபிடிப்பான் – இந்த ஒரே கொள்கைதான் ஆடம்ஸ் கோலும், இதேதான் ஸ்வான்சி தோல்வியும். வியேராவுக்கு கத்துக்குடுக்க வேண்டியதில்ல. ஆனா இந்த டீமுக்கு பந்து போனா யாரு எங்க நிக்கணும்னு அடிச்சு சொல்ற ஆளு வேணும், அதுக்குள்ள மத்த கோச்சுங்க எல்லாம் பிரஸ்ஸிங்க (எதிர் டீம நெருக்கி பந்த பிடுங்கறது) அடி அடியா அளந்து சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ‘வெங்கர் மாறிட்டார், வயசாயிடுச்சு’ன்னு சொல்றவங்ககிட்ட நான் ஒத்துக்க மாட்டேன். அவர் மாறவே இல்ல, அதான் பிரச்சனை.

கேள்வி: வெங்கர் அவுட்னு போர்டு தூக்கினவங்க துரோகிங்களா?

இல்ல. 2017-ல பேயர்ன்கிட்ட அங்க 5-1, இங்க 5-1, மொத்தம் 10-2. அந்த சீசன் அஞ்சாவது எடம், 20 வருஷத்துல முதல் தடவையா டாப் ஃபோருக்கு வெளிய. காசு குடுத்து சீசன் டிக்கெட் வாங்கறவனுக்கு கேள்வி கேக்க உரிமை இருக்கு. ஆனா வெஸ்ட் பிராம் மேட்ச் அன்னிக்கு மேல பிளேன்ல பேனர் கட்டி பறக்க விட்டதும், ரயில்வே ஸ்டேஷன்ல மனுஷன நிக்க வெச்சு திட்டினதும் எல்லை மீறினது. நம்ம ஊர்லயே அந்த வருஷம் இத வெச்சு பேச்சு வார்த்தை நின்ன ஃப்ரெண்ட்ஸ எனக்கு தெரியும். அதே மே மாசம், சீசன் முழுக்க ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணாத மெர்டெசாக்கர டிஃபென்ஸ் நடுவுல நிக்க வெச்சு சாம்பியன் செல்சிய ஃபைனல்ல 2-1 அடிச்சார். அதையும் சேத்து சொல்லணும்.

கேள்வி: எப்ப போயிருக்கணும்?

2015 வில்லா ஃபைனல் முடிஞ்சதும். கடன் காலம் தாண்டியாச்சு, தொடர்ந்து ரெண்டு கப், எல்லாரும் எழுந்து நின்னு அனுப்பி வெச்சிருப்போம். அவருக்கு அந்த கிளப்ப விட மனசு வரல. கல்யாணம் பண்ணி குடுக்கணும்னு தெரிஞ்சும் பொண்ண அனுப்ப மனசு வராத அப்பாங்க நம்ம தெருவுலயே இருக்காங்க, அந்த பாசத்த நான் தப்பு சொல்ல மாட்டேன், விளைவ மட்டும்தான் சொல்றேன்.

கேள்வி: ஃபெர்குசன் 13 லீக், வெங்கர் 3. இதுல என்ன ஒப்பீடு?

ஃபெர்குசன் பெரியவர். முடிஞ்சுது. 1999-ல ஒரே ஒரு பாயிண்ட்ல லீக் போச்சு, அதே வருஷம் யுனைடெட் கூட எஃப்ஏ கப் செமில பெர்க்காம்ப் பெனால்டி மிஸ், கிக்ஸ் ஓடி வந்து கோல், அந்த ரெண்டும் திரும்பியிருந்தா கணக்கு கொஞ்சம் மாறியிருக்கும். ஆனா 1996-ல இருந்து 2004 வரைக்கும் ஃபெர்குசன தூங்க விடாத ஒரே மேனேஜர் இவர்தான். 2002-ல ஓல்டு டிராஃபோர்டுலயே வில்டோர்ட் கோல் போட்டு லீக்க எடுத்தோம்ல, அந்த ராத்திரி ஒண்ணு போதும். செல்சி மேனேஜரா இருந்த மொரின்யோவ பத்தி கேக்கறவங்களுக்கு: ஆமா, லீக்ல அவர ரொம்ப காலம் ஜெயிக்க முடியல, 2014-ல தன்னோட ஆயிரமாவது மேட்ச்ல வெங்கர் 6-0 வாங்கினதும் அவர்கிட்டதான்.

கேள்வி: ஜெயிச்ச மேட்ச வேணாம்னு திருப்பி குடுத்தாராமே, நிஜமா?

நிஜம். 1999 பிப்ரவரி, எஃப்ஏ கப், ஷெஃபீல்டு யுனைடெட். 1-1-ல இருக்கறப்ப அவங்க பிளேயருக்கு அடி பட்டுச்சுன்னு அவங்க கீப்பர் பந்த வெளிய அடிச்சார். வழக்கப்படி பார்லர் பந்த அவங்களுக்கே திருப்பி வீசறார், ஆனா அன்னிக்குத்தான் ஆர்சனலுக்கு முதல் மேட்ச் ஆடின கானு விஷயம் புரியாம பந்த எடுத்துட்டு ஓடி உள்ள தள்ள, ஓவர்மார்ஸ் கோல் போட்டுட்டார். ரூல்படி கோல் செல்லும், 2-1 ஆர்சனல் வின். மேட்ச் முடிஞ்ச கையோட வெங்கர் இது சரியில்ல, திரும்ப ஆடலாம்னு சொல்லிட்டார். பத்து நாள் கழிச்சு திரும்ப ஆடி அதே 2-1-ல ஜெயிச்சாங்க. இன்னிக்கு விஏஆர் (வீடியோ ரெஃப்ரி) கோட்டுல கால் விரல் நகம் தெரியுதான்னு பாத்து சண்டை போடறப்ப எல்லாம் எனக்கு இந்த மேட்ச்தான் ஞாபகம் வரும்.

கேள்வி: இந்தியாவுக்கு வந்தாரா?

சென்னைக்கு வரல. 2019-ல இருந்து ஃபிஃபாவுல உலக ஃபுட்பால் வளர்ச்சிக்கு தலைவரா இருந்து, 2023 நவம்பர்ல புவனேஸ்வர்ல ஃபிஃபாவும் இந்திய ஃபெடரேஷனும் சேந்து ஆரம்பிச்ச அகாடமிய திறந்து வெக்க வந்தார். சின்ன வயசுலயே புடிச்சு வளக்கணும்ங்கறதுதான் அவரோட பேச்சு எப்பவும். வியாசர்பாடில தெருவுக்கு தெரு பந்து ஒதைக்கற பசங்கள அவர் ஒரு சாயங்காலம் நின்னு பாத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. யாருமே கண்டுக்காத பையன்கிட்ட என்ன இருக்குன்னு பாக்கற கண்ணு அவருக்கு. அனெல்காவ அஞ்சு லட்சம் பவுண்டுக்கு எடுத்து ரெண்டு வருஷத்துல ரெண்டு கோடிக்கு மேல ரியல் மாட்ரிடுக்கு வித்தவர், யுவென்டஸ்ல விங்ல தொலஞ்சு போயிருந்த ஹென்றிய ஸ்ட்ரைக்கர் ஆக்கி 228 கோல் அடிக்க வெச்சவர்.

கேள்வி: புதுசா வந்தவங்க எந்த பழைய மேட்ச் பாக்கணும்?

2003 நவம்பர் சான் சிரோல இன்டர் மிலன 5-1. 2006 பெர்னபேவுல ரியல் மாட்ரிட் முன்னாடி ஹென்றி தனியா ஓடி போட்ட கோல். 2008-ல ஏசி மிலன் வீட்டுல ஃபேப்ரிகாஸ் தூரத்துல இருந்து அடிச்சது. 2011 பார்சிலோனா 2-1. 2013 நார்விச் மேட்ச்ல வில்ஷயர் போட்ட கோல மட்டுமாவது பாத்துடுங்க, ஒத்த டச்ல பந்து கைமாறி கைமாறி போய் முடியும்.

கேள்வி: யுனைடெட் பசங்க 8-2-ன்னு கத்தினா என்ன பதில் சொல்றது?

ஆமா தோத்தோம்னு சொல்லுங்க. 2011 ஆகஸ்ட் 28. ஃபேப்ரிகாஸும் நஸ்ரியும் அந்த மாசம்தான் போனாங்க, பாதி டீம் இன்ஜுரி, சஸ்பென்ஷன், சின்ன பசங்கள எறக்கினோம், 1-0-ல வான் பெர்சி பெனால்டி மிஸ் பண்ணார், அப்புறம் வெள்ளம் மாதிரி வந்துச்சு. பிளேயர் வாங்கற விண்டோ மூட மூணு நாள்தான் இருந்துச்சு. அந்த மூணு நாள்ல வெங்கர் மெர்டெசாக்கர வாங்கினார், ஆர்டெட்டாவ வாங்கினார், பெனாயூன லோன்ல எடுத்தார். எட்டு கோல் வாங்கின அந்த டீம் அந்த சீசன மூணாவது எடத்துல முடிச்சுது. மெர்டெசாக்கர் பின்னாடி அகாடமிக்கு தலைவர் ஆனார், ஆர்டெட்டா 2019 டிசம்பர்ல மேனேஜரா திரும்பி வந்தார்.